நீதிமன்றம் கேட்காத கேள்விகள்

2003 மார்ச் 13, வியாழக்கிழமை இரவு. மும்பையில் கர்ஜத் லோக்கல் ரயில் முலுண்ட் நிலையத்துக்குள் நுழையும்போது முதல் வகுப்பு லேடீஸ் பெட்டியில் குண்டு வெடித்தது. பத்துப் பேராவது இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். 1993 மும்பைத் தொடர் குண்டுவெடிப்பின் பத்தாம் ஆண்டு நினைவு நாளுக்கு மறுநாள் அது.

எங்கள் பகுதிப் பள்ளிப் பிள்ளைகள் எவரும் அன்று பிறந்திருக்கவில்லை. மும்பையின் துயரம் என்றால் 2006இல் மேற்கு ரயில் தடத்தில் வெடித்த ஏழு குண்டுகளையும் 2008 நவம்பர் 26 தாக்குதலையும் சொல்கிறார்கள். டியூஷனுக்குத் தினமும் கடக்கும் நிலையத்தின் கதை அவர்களுக்குத் தெரியாது.

அந்த வண்டியில் போய்வந்த பெரியவர்களைப் பேட்டி எடுக்கலாம் என்று நான் சொன்னதும் சில பிள்ளைகள் கேள்விகள் எழுதி வந்தார்கள். எவ்வளவு சத்தம் கேட்டது? ரத்தத்தைப் பார்த்தீர்களா? யார் வைத்தது? எல்லாவற்றையும் அடித்துவிடச் சொன்னேன். முதல் இரண்டுக்கும் விடை அன்றைய நாளிதழ்களில் இருக்கிறது. யார் வைத்தது என்பதை விசாரித்த பொடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் 2016இல் தீர்ப்பும் சொல்லிவிட்டது.

அங்கே பதிவாகாதது அந்தப் பெட்டியில் இருந்த வாழ்க்கை. தினமும் அதே வண்டி, அதே முகங்கள். ஒருத்தி கீரை ஆய்வாள். இன்னொருத்தி மகளின் வரன் பற்றி யோசனை கேட்பாள். காட்கோபரில் ஏறுபவளுக்குத் தாதரிலிருந்தே இடம் பிடித்து வைத்திருப்பார்கள். “உங்க பக்கத்துல யார் உட்காருவாங்க? என்ன பேசிக்குவீங்க? மறுபடி எப்போ ரயில் ஏறினீங்க? அன்னைக்கு யார் கூட வந்தாங்க?” இவற்றைக் கேட்டால் போதும்.

கேட்பதற்கும் முறை உண்டு. முதலில் அனுமதி. மராத்தியோ குஜராத்தியோ தமிழோ, அவர் அழும் மொழியிலேயே பேச விட வேண்டும். “போதும்பா” என்றால் பதிவு செய்யும் போனை அணைத்துவிட வேண்டும். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி, தேதியும் இடமும் போட்டு, ஒரு பிரதியைப் பள்ளி நூலகத்தில் வைக்க வேண்டும்.

சாவை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு யார் மேலாவது கோபம்தான் மிஞ்சும். வெவ்வேறு மொழியும் மதமும் கொண்ட பெண்கள் ஒரே பெட்டியில் எப்படிப் பழகினார்கள் என்று தெரிந்த பிள்ளைக்கு, அந்தக் குண்டு எதைக் குறிவைத்தது என்பதும் புரியும்.

அன்று முப்பது வயதில் வேலைக்குப் போனவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். ஓய்வு பெற்று நாசிக்குக்கோ திருநெல்வேலிக்கோ போய்விடுவதற்குள் கேட்டுவிட வேண்டும்.