திறந்த கதவு

இல்லறத்தில் இருந்துகொண்டு, வாணிபமும் செய்துகொண்டு இறைவனுக்கு உரியவராக வாழ இயலுமா? இவ்வினாவிற்கு விடையாக வாழ்ந்தவர் காஸ்பர் டென் பூம்.

நெதர்லாந்து நாட்டின் ஹார்லெம் நகரில், 1837-இல் தந்தையார் தொடங்கிய சிறிய கடிகாரக் கடையை அவர் நடத்தி வந்தார். கீழே கடை, மேலே வீடு. ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தரான அவரது இல்லத்தில் விவிலிய வாசிப்பும் பிரார்த்தனையும் அன்றாடக் கடமைகள். பழுதான கடிகாரத்தைப் பொறுமையுடன் சீர்செய்வதும் அவருக்கு இறைபணியே.

1940-இல் ஜெர்மானியப் படை அந்நாட்டைக் கைப்பற்றியது. யூத மக்கள் வேட்டையாடப்பட்டனர். அடைக்கலம் தேடி வந்தோருக்கு அவ்வீட்டின் கதவு திறந்தது. வந்தவர்கள் வேற்றுச் சமயத்தார். எனினும் அவர்களைக் கடவுளின் மக்களாகவே அவர் கண்டார்.

1944 பிப்ரவரி 28 அன்று குடும்பத்தினர் கைதாயினர். பொய்ச்சுவரின் பின்னே மறைந்திருந்த அறுவரும் அகப்படவில்லை. காஸ்பரோ மார்ச் 9 அன்று, தமது 84-ஆம் வயதில், காவலிலேயே உயிர்நீத்தார். மகள் பெட்ஸி அவ்வாண்டு டிசம்பரில் ராவன்ஸ்புரூக் முகாமில் மறைந்தார். இளைய மகள் கோரி உயிருடன் மீண்டார்.

அன்பர்களே, இத்தகைய துணிவு ஒரே நாளில் விளைவதன்று. வாடிக்கையாளரிடம் நேர்மை, வீட்டாரிடம் அன்பு, வைகறையில் பிரார்த்தனை என நாள்தோறும் இட்ட விதையே சோதனைக் காலத்தில் கனிந்தது. பூஜையறையில் நாம் பெறும் பக்தி, துன்புற்றோர் தட்டும்போது வாயிற்கதவைத் திறக்கட்டும்.