நேர்கோட்டில் ஓடும் செயின்
சித்தூர், திருப்பதிப் பக்கம் ஆல்டர் செய்த புல்லட் மோட்டார் சைக்கிள்கள் கண்ணில் படுவதுண்டு. பார்ப்பவர் வியப்பது பின்னால் உள்ள அகன்ற டயரை. அதற்கு விலை கொடுப்பது செயின். டயர் அகன்றால் செயினுக்கு இடம் குறையும். உரசாமலிருக்கப் பின் ஸ்ப்ராக்கெட்டைச் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளுவார்கள். முன் ஸ்ப்ராக்கெட்டும் அதே அளவு நகர வேண்டும். நகராவிட்டாலும் வண்டி ஓடும். பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும், செயினின் உள்தகடு தேயும், அவ்வளவே. பிசகு என்பது பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் பொறித்த கோடுகளை நம்பி அச்சை இறுக்குவது வழக்கம். அவை கம்பெனி வண்டிக்குப் போட்ட கோடுகள். புது வண்டியிலேயே அவற்றை முழுதாக நம்புவதற்கில்லை. தேர்ந்த கை, ஸ்விங் ஆர்ம் ஊன்றிய போல்ட்டிலிருந்து பின் அச்சு வரை இருபுறமும் அளக்கும். பிறகு பின் ஸ்ப்ராக்கெட்டில் நேர்க்கம்பியை ஒட்டிவைத்து, அது முன் ஸ்ப்ராக்கெட்டைச் சரியாகத் தொடுகிறதா என்று பார்க்கும். சக்கரம் நேராக, செயின் கோணலாக இருப்பதும் உண்டு. இரண்டும் வெவ்வேறு கணக்கு. பலர் முதல் கணக்கோடு எழுந்துவிடுகிறார்கள்.

ஓடும் செயின் எந்தப் பக்கம் இறுகுகிறது என்பதைத் திருப்பதியிலிருந்து திருமலை போய்வருவதை வைத்தே சொல்லலாம். திருமலைக்கு இரண்டு மலைப்பாதைகள். 1944இல் திறந்த பழையது இன்று இறங்குவதற்கு, பின்னால் வந்தது ஏறுவதற்கு. ஏறும்போது செயினின் மேல்பக்கம் இறுகும். இறங்கும்போது எஞ்சின் பிடிக்க, கீழ்ப்பக்கம் இறுகும்.