வாங்க ஒரு படி, கொடுக்க ஒரு படி



திருமறையின் 83ஆவது அத்தியாயத்திற்கு 'அல்முதஃப்ஃபிஃபீன்' என்று பெயர். அளவையில் மோசம் செய்வோர் என்பது அதன் பொருள். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைய வாங்கிக்கொண்டு, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடு உண்டென்று எச்சரித்தே அந்த அத்தியாயம் தொடங்குகிறது. இதைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருபவர் கடைத்தெரு வியாபாரிதான். ஆனால் மனிதன் அரிசியையும் எண்ணெயையும் மட்டுமா அளக்கிறான்? பிறருடைய சொல்லையும் அளக்கிறான். அவர்களுடைய நாணயத்தையும் அளக்கிறான். அந்த அளவையிலும் இரண்டு படி வைத்திருப்பவர் இந்த எச்சரிக்கைக்கு வெளியே நிற்க முடியுமா என்பதைச் சிந்திப்போம்.

இன்று சொல்லை அளப்பதே ஒரு தொழிலாகிவிட்டது. தேர்தல் வந்தால் தலைவர்கள் வாக்குறுதிகளை அள்ளி வீசுகிறார்கள். அவற்றை ஆராய்ந்து 'உண்மை', 'பாதி உண்மை', 'பொய்' என்று தீர்ப்பு எழுதுவதற்குப் பத்திரிகைகளில் தனிப் பிரிவுகளே இருக்கின்றன. 'உண்மை சரிபார்ப்பு' என்று இதற்குப் பெயர். நல்ல வேலைதான். தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்துவீர்கள் என்று 'அல்ஹுஜுராத்' அத்தியாயத்தில் அல்லாஹ் நமக்குக் கற்பித்திருப்பதும் இதுவே. ஆனால் அளப்பவர் கையிலிருக்கும் படி சரியான படிதானா என்பதை யார் பார்ப்பது?

இந்தத் தொழில் வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்கு நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்க் கட்சிச் சண்டை அல்லவாதலால் கோபமின்றிப் பார்க்க முடியும்.

புளோரிடா மாநிலத்தின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ் நாளிதழ் 2007ஆம் ஆண்டில் 'பொலிட்டிஃபேக்ட்' என்னும் சரிபார்ப்புப் பணியைத் தொடங்கியது. 2009இல் அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. அந்நாட்களில் ஒபாமா, மக்களுக்குத் தற்போதுள்ள மருத்துவக் காப்பீடு பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று வாக்களித்து வந்தார். 2008இல் அந்தச் சொல்லுக்குப் பொலிட்டிஃபேக்ட் 'உண்மை' என்று தீர்ப்பளித்தது. 2009இலும் 2012இலும் அதே சொல்லுக்குப் 'பாதி உண்மை' என்றது. 2013இல் புதிய சட்டத்தின் நிபந்தனைகளுக்குப் பொருந்தாத பழைய காப்பீடுகளை நிறுவனங்கள் ரத்து செய்தன. ஏறத்தாழ 40 இலட்சம் பேருக்கு ரத்துக் கடிதம் போனது. ஒபாமா வருத்தம் தெரிவித்தார். அவ்வாண்டு டிசம்பரில் அதே பொலிட்டிஃபேக்ட் அதே வாக்குறுதியை அந்த ஆண்டின் மிகப் பெரிய பொய்யென்று அறிவித்தது!

ஒரு சாரார், "முதலில் தாங்கிப் பிடித்தார்கள், மறைக்க முடியாமற்போன பிறகு கைவிட்டார்கள்" என்றனர். மறுசாரார், "பெரும்பான்மையோருக்குப் பலித்த சொல்லைப் பொய் என்பதா?" என்றனர். நியாயமாகப் பார்த்தால், 2008இல் இருந்தது வெறும் திட்டம், சட்டமே பிறக்கவில்லை. நாளை நடக்கப்போவதைப் பற்றிய வாக்குக்கு இன்றே 'உண்மை' என்று முத்திரை குத்தியதுதான் முதல் பிழை. வாக்குறுதியில் சரிபார்க்கக் கூடியவை வேறு. செலவைக் கணக்கிட்டாரா? செய்து முடிக்கும் அதிகாரம் அவர் கையில் உண்டா? தவணை வந்தபோது நிறைவேற்றினாரா? இவற்றை அளக்கலாம். உள்ளத்தில் இருந்த எண்ணத்தை அளக்கும் படி எந்த மனிதனிடமும் இல்லை. வாக்கு மீறுவது நயவஞ்சகனின் அடையாளங்களுள் ஒன்றென நபி பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆயினும் நிறைவேற்றும் எண்ணத்தோடு வாக்களித்து இயலாமற்போனவனையும், மீறும் எண்ணத்தோடே வாக்களித்தவனையும் நம் மார்க்க அறிஞர்கள் ஒன்றாக வைக்கவில்லை.

இன்னொரு சூட்சுமத்தையும் கவனியுங்கள். எதை அளப்பது என்று தேர்ந்தெடுப்பதிலேயே சாய்வு புகுந்துவிடலாம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 2011இல் ஓர் ஆய்வு செய்தார்கள். அதற்கு முந்தைய ஓராண்டில் பொலிட்டிஃபேக்ட் இரு கட்சியினரின் பேச்சையும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில்தான் ஆராய்ந்திருந்தது. ஆனால் பொய் என்றும் அப்பட்டமான பொய் என்றும் தீர்ப்பான 98 கூற்றுகளில் 74 குடியரசுக் கட்சியினருடையவை. அந்தக் கட்சியினர் அதிகம் பொய் பேசினார்கள் என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். அவர்களுடைய சந்தேகமான பேச்சுகளே தேடி எடுக்கப்பட்டன என்றும் பொருள் கொள்ளலாம். எண்ணிக்கை மட்டும் இதற்கு விடை சொல்லாது. ஒபாமாவுக்கு 500க்கும் மேற்பட்ட வாக்குறுதிகளைப் பட்டியலிட்டுப் பின்தொடர்ந்தார்கள். டிரம்புக்கு ஏறத்தாழ 100தான். பட்டியலே வேறாக இருக்கும்போது, இவர் இத்தனை சதவீதம் நிறைவேற்றினார், அவர் இத்தனை சதவீதம் என்று ஒப்பிடுவது மரக்காலால் அளந்ததையும் படியால் அளந்ததையும் ஒன்றாகக் கணக்கெழுதுவது போன்றதல்லவா?

அப்படியானால் நேர்மையான சரிபார்ப்பாளரை எப்படி அடையாளம் காண்பது? நம் முன்னோர்களான ஹதீஸ் கலை வல்லுநர்கள் இதற்கு வழி காட்டிச் சென்றிருக்கிறார்கள். அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நினைவாற்றலையும் நாணயத்தையும் எடைபோட்டவர்கள் அவர்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் ஆசிரியர்களுள் ஒருவரான அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம், அவர்களைப் பெற்ற தந்தையைப் பற்றியே கேட்கப்பட்டது. தந்தையும் ஹதீஸ் அறிவித்தவர்தாம். மகனார் தயங்கினார்கள், வேறு யாரிடமாவது கேளுங்கள் என்றார்கள். மீண்டும் கேட்டபோது, இது மார்க்க விஷயம், என் தந்தை பலவீனமான அறிவிப்பாளர் என்று சொல்லிவிட்டார்கள். பெற்ற தந்தைக்கும் அதே படிதான்!

பிடிக்காதவனை அளப்பதற்கும் ஒரு படிப்பினை உண்டு. ரமளான் ஜகாத் பொருளைக் காவல் காத்த அபூஹுரைரா (ரலி) அவர்கள், இரவில் வந்து அள்ளியவனைப் பிடித்த வரலாற்றை நாம் அறிவோம். மூன்றாம் முறை பிடிபட்ட அவன், படுக்கைக்குச் செல்லும்போது ஆயத்துல் குர்ஸீயை ஓதினால் விடியும்வரை பாதுகாப்புண்டு என்று சொல்லித் தப்பித்தான். நாயகம் (ஸல்) அவர்கள் என்ன கூறினார்கள்? அவன் பெரும் பொய்யன். ஆயினும் உம்மிடம் சொன்ன இது உண்மையே என்றார்கள். வந்தவன் ஷைத்தான்! அவன் சொன்ன ஒரு மெய்யை மெய்யென்றே ஒப்புக்கொள்ளக் கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது.

ஆக, சோதனை இதுதான்: தனக்குப் பிடித்தவரின் தவறைத் தவறென்று எழுதியிருக்கிறாரா? பிடிக்காதவரின் மெய்யை மெய்யென்று எழுதியிருக்கிறாரா? ஆதாரத்தையும், பணம் வரும் வழியையும், தன் பிழைத்திருத்தத்தையும் வெளிப்படையாக வைக்கிறாரா? 2016இல் உலகச் சரிபார்ப்பு அமைப்புகளுக்காக வகுக்கப்பட்ட ஒழுங்கு விதிகள் கேட்பவையும் ஏறத்தாழ இவைதாம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பத்திரிகைக்காரரைப் பழிப்பது எளிது. நம் படி எப்படி இருக்கிறது? நமக்கு வேண்டிய கட்சியின் வாக்குறுதி பொய்த்தால், "பாவம், நிதி இல்லை" என்கிறோம். வேண்டாத கட்சியின் வாக்குறுதி பொய்த்தால், "ஏமாற்றுக்காரன்" என்கிறோம். நமக்குப் பிடித்த தீர்ப்பு வந்தால், வாசிக்கு முன்பே கைப்பேசியில் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். பிடிக்காத தீர்ப்பு வந்தால், விலைபோன பத்திரிகை என்று ஒதுக்குகிறோம். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் இதற்காகப் பேச்சை முறித்துக்கொண்டு, பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்றும் ஸலாம் சொல்லாமல் போவதை நாம் காண்கிறோம். எந்தத் தலைவரின் வாக்குறுதிக்கு இந்த விலை தகும்?

ஓட்டுப் போடுவது சாட்சி சொல்வதைப் போன்றதென்று ஆலிம்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். சாட்சியென்றால், நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்து நிற்கும்படி 'அன்னிஸா' அத்தியாயத்தில் அல்லாஹ் ஆணையிடுகிறான். ஒரு கூட்டத்தார்மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாதென 'அல்மாயிதா'வில் எச்சரிக்கிறான்.

எனவே அடுத்த முறை ஒரு வாக்குறுதியைப் பற்றியோ தீர்ப்பைப் பற்றியோ வாசிக்கும்போது, கட்சியின் பெயரைக் கையால் மறைத்துக்கொள்வோம். இதையே மற்றவர் சொல்லியிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்று நம் உள்ளத்தைக் கேட்போம். பதில் மாறினால், கோளாறு நம் படியில்தான். பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குவோம்.

நாளை மறுமையில் நீதியின் தராசு வைக்கப்படும்போது, நாம் பிறரை அளந்த அளவையைப் பற்றியும் கேட்கப்படுவோம் என்ற அச்சம் நமக்கு வேண்டும். வல்ல அல்லாஹ் மெய்யை மெய்யாகக் காட்டி அதைப் பின்பற்றும் பேற்றையும், பொய்யைப் பொய்யாகக் காட்டி அதைத் தவிர்க்கும் பேற்றையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.