சத்தமாக வாசி!

"எனக்கு இங்கிலீஷ் வராது."

இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொண்டே நேர்முகத் தேர்வு வாசலிலிருந்து திரும்பி வந்த பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர்! கையில் பட்டம் இருக்கிறது, தொழில் தெரிகிறது, வாய் மட்டும் திறப்பதில்லை. அவர்களிடம் உரக்கச் சொல்கிறேன்: உங்களுக்கு இங்கிலீஷ் வராமல் இல்லை. நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்ற பயம் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுங்கள்! தள்ள முடியும் என்று எங்களுக்குக் காட்டியவர் ஒருவர் இருந்தார்.

பாளையங்கோட்டையில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்தவர். ஊரே 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே எழுதுகிறேன். வாரநாளில் பள்ளிக்கூடத்தில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம், ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் ஓய்வுநாள் பள்ளி, மே மாதம் வந்தால் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி. பணி ஓய்வு பெற்றதும் முதல் வேலை நின்றது. மற்ற இரண்டும் அவர் கண்மூடும் வரை நிற்கவில்லை.

கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் ஒரு வேதபாடத்தை ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும். நன்றாக வாசிக்கும் பிள்ளையை அவர் ஒருநாளும் அதற்குத் தேர்ந்தெடுத்ததில்லை. வாய் திறக்கப் பயப்படும் பிள்ளையாகப் பார்த்துப் பிடிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் சாவி வாங்கி, ஆளில்லாத கோயிலில் அந்தப் பிள்ளையை வாசிப்பு மேடையில் நிறுத்திவிட்டு, தான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்து கையைக் குவித்துக் காதில் வைப்பார். கேட்கவில்லை, இன்னும் சத்தமாக என்று அர்த்தம். நடுவில் நிறுத்தித் திருத்தவே மாட்டார். தப்பும் தவறுமாக முடிக்கட்டும், ஆனால் முடிக்கட்டும்! பிறகு பக்கத்தில் வந்து, தடுக்கிய சொற்களின் கீழே பென்சிலால் மெல்லிய கோடு போடுவார். "இந்தா பாரு, கோடு போட்டதுதாம்ல பாக்கி. மத்ததெல்லாம் உனக்கு வந்துட்டு."

மத்ததெல்லாம் வந்துட்டு! இதை யாராவது உங்களிடம் சொன்னதுண்டா? பள்ளிக்கூடம் சிவப்பு மையால் தப்பைத்தான் வட்டமிட்டது. வந்துவிட்டதை எண்ணிக் காட்ட ஆளில்லாமல், அதே வட்டங்களைச் சுமந்துகொண்டு நாற்பது வயது வரை நடக்கிறோம். இறக்கி வையுங்கள்.

அப்படி அவர் பிடித்தவர்களில் ஒருவன், பீடி சுற்றிப் பிழைத்த வீட்டுப் பையன். கேரல் அன்று நடுவில் ஒரு பெயர்ச்சொல்லில் தடுக்கினான். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பையன் வெளிறிப்போய் நிமிர்ந்து பார்த்தான். கடைசி பெஞ்சில் டீச்சரின் கை காதுக்குப் போயிற்று. அவ்வளவுதான். அந்தப் பெயரைத் திரும்பவும், முன்னைவிடச் சத்தமாக, அதே தப்போடு வாசித்துவிட்டு மேலே போனான். சிரிப்பு அடங்கிவிட்டது. இன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் வெளிநாட்டுக் கப்பல் கேப்டன்களோடு நாளெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறான்.

நாக்கு தடிப்பு என்று தங்களைத் தாங்களே திட்டிக்கொள்பவர்களுக்கும் டீச்சரிடம் பதில் இருந்தது. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார், காரணம் சொல்வார். தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காது, அது தொல்காப்பியக் காலத்து விதி. தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கத்தால் உன் நாக்கு அந்த விதிப்படி நடக்கிறது, ஆகவே அது படிக்காத நாக்கு அல்ல, ஒரு பெரிய மொழியை முழுதாகப் படித்து முடித்த நாக்கு என்பார். ஒன்றைப் படித்த நாக்கு இன்னொன்றையும் படிக்கும்!

ஜோசப் கான்ராடைப் பற்றி அவர் சொல்லாத ஆண்டு கிடையாது. போலந்துக் குடும்பத்தில் 1857இல் பிறந்தவர். தாய்மொழி போலிஷ், அடுத்தது பிரெஞ்சு. இருபது வயதைத் தாண்டி, ஆங்கிலேய வணிகக் கப்பலில் மாலுமியாகச் சேர்ந்த பிறகுதான் ஆங்கிலம் அவரிடம் வந்தது. 1895இல் முதல் நாவல் வெளியாகி, ஆங்கில இலக்கியத்தின் பெரும் நாவலாசிரியர்களில் ஒருவராக நின்றார். பேச்சில் மட்டும் போலந்து வாடை சாகும்வரை போகவில்லை. போகவில்லையே என்று அவர் பேனாவை மூடி வைத்தாரா? உங்கள் பேச்சில் திருநெல்வேலி வாடை அடித்தால் அடிக்கட்டுமே!

ஞாயிற்றுக்கிழமை இதே பாடம் வேறு வேடத்தில் வரும். எனக்குப் பேச வராது, வேறு ஆளை அனுப்பும் என்று கடவுளிடமே மல்லுக்கு நின்றவர் மோசே. வேதாகமத்தில் யாத்திராகமம் நாலாம் அதிகாரத்தில் இருக்கிறது. டீச்சர் அதோடு விடமாட்டார். உபாகமத்தைத் திறக்கச் சொல்லி, பக்கம் பக்கமாகப் புரட்ட வைப்பார். அந்தப் புத்தகத்தில் பெரும்பகுதி மோசேயின் பேச்சுதான். பேச வராது என்றவர் ஒரு தேசத்தின் முன் நின்று பேசிய பேச்சு.

ஓய்வுநாள் பள்ளி என்றால் கதை சொல்லி மிட்டாய் கொடுக்கிற இடம் என்று சிலர் இளக்காரமாக நினைக்கிறார்கள். அது தவறு. 1780இல் இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரில், பத்திரிகை நடத்திய ராபர்ட் ரெய்க்ஸ் அப்படியொரு பள்ளியைத் தொடங்கியபோது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைத்த நாள் ஞாயிறு ஒன்றுதான். அந்த ஒரு நாளில் அவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது வாசிப்பு. அந்த மரபின் ஒரு கண்ணியாகத்தான், சம்பளமில்லாத சனிக்கிழமைகளில் டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

தம்பி, தங்கச்சி, இன்று ராத்திரியே ஓர் ஆங்கிலப் பத்திரிகையை எடு. ஒரு பத்தி போதும். உட்கார்ந்து முணுமுணுக்காதே, எழுந்து நின்று, அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி வாசி. தடுக்கினாலும் முடி. முடித்துவிட்டுப் பென்சிலை எடுத்துக் கோடு போடு. கோடு போட்டது மட்டும்தான் பாக்கி.

ஆங்கிலம் வந்துவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் வாய் திறக்கப் பயப்படும் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். வருகிற சனிக்கிழமை அதைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.