பழைய கல்லின் நகல்

பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர்களிடையே தீராத சண்டை ஒன்று உண்டு. என்ஜினைப் பற்றியல்ல, பெயின்ட்டைப் பற்றி!

பாளையங்கோட்டையில் ஒருவர் 1964 மாடல் அம்பாசிடரை ஒர்க் ஷாப்பில் விட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கதவு விளிம்பில், வங்காளத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் என்றோ அடித்த பெயின்ட் வழிந்து, சொட்டாகக் காய்ந்து நிற்கிறது. 'புதுசா அடிக்கிறப்பவும் அதே இடத்துல அதே சொட்டு வேணும்' என்கிறார் சொந்தக்காரர். பெயின்டருக்குச் சிரிப்பு. 'கம்பெனிக்காரன் ஒழுங்கா அடிக்கல. அதுக்காக நானும் தப்பா அடிக்கணுமா அண்ணாச்சி?'

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வழவழப்பாக அடித்தால், அது அந்தத் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த கார் அல்ல. சொட்டு வைத்தாலோ, அன்று தற்செயலாக நடந்தது இன்று நடிப்பாகிறது.

2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிப்படி, 50 வயதைத் தாண்டி, பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவில் இருக்கும் வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் தருகிறார்கள். சேஸிஸ், பாடி, என்ஜின் இவைதான் சட்டத்தின் கண்ணுக்குப் படும். பெயின்ட் சொட்டு நம் மனசாட்சியின் இலாகா!

தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள், ஐந்து நிலைகளிலும் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருக்கின்றன. அதில் ஒரு காட்சி, கப்பலில் வந்திறங்கும் குதிரைகள். நிறம் உதிர்ந்த ஓர் இடத்தில் இன்று ஒரு கெட்டிக்கார ஓவியர் அச்சு அசலாக ஒரு குதிரையை வரைந்து வைத்தால் என்ன ஆகும்? அவர் வரைந்த குதிரை நன்றாகவே இருக்கும். ஆனால், பின்னால் வருகிறவனுக்குப் பக்கத்தில் இருக்கும் நிஜமான பழைய குதிரை மீதும் சந்தேகம் வந்துவிடும். சொல்லாமல் செய்த நகல், அசலின் மரியாதையையும் சேர்த்துக் கெடுக்கிறது.

அதற்காகக் காரைத் துருப்பிடிக்க விட முடியுமா? ஆயிரம் வருடத்துக்கு முன்பே இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். காவிரிக் கரையில் திருக்கோடிக்காவல் கோயிலைச் செம்பியன் மாதேவி கற்றளியாக எடுத்துக் கட்டியபோது, பழைய கல்வெட்டுகளைப் புதுக் கல்லில் திரும்பப் பொறிக்கச் செய்தார். கூடவே, இது 'பழங்கற்படி', அதாவது பழைய கல்லின் நகல் என்றும் பொறிக்கச் செய்தார். நகல் தன்னை நகல் என்று சொல்லிவிட்டால் அதில் பொய் ஏது?

அம்பாசிடருக்கும் அதுவே போதும். தாராளமாகப் புது பெயின்ட் அடிக்கட்டும். டிக்கிக்குள் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பெயின்ட்டைத் தொடாமல் விடட்டும். எந்த வருஷம், எந்த இடத்தில், என்ன செய்தோம் என்று ஒரு தாளில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வைக்கட்டும்.

அந்தத் தாளில் பெயின்டர் பெயரையும் எழுதச் சொல்வேன். உத்தர்பாராவில் அன்று பெயின்ட் அடித்தவரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. நம்மூர்க்காரர் பெயராவது இருக்கட்டுமே!