டீ கொண்டுவருகிறவர்

புரோகிராமிங்கில் நான் கற்றுக்கொண்ட முதல் நாகரிகம், யாரைச் சார்ந்திருக்கிறோம் என்று தெரியாமலே இருப்பது.

மெயில் அனுப்ப வேண்டிய ஒரு கிளாஸ், அனுப்புகிறவரைத் தானே உருவாக்கிக்கொள்ளக் கூடாது. "மெயில் அனுப்பத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்" என்று கன்ஸ்ட்ரக்டரில் கேட்டால் போதும், கன்டெய்னர் கொண்டுவந்து கொடுக்கும். டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்ற இந்தப் பெயரை 2004இல் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரை பரவலாக்கியது. வந்தவர் நிஜமாகவே மெயில் அனுப்புகிறவரா, டெஸ்டுக்காக நடிக்கிறவரா என்று கேட்டவருக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதுதான் நல்லது. ஆள் மாறினாலும் எதுவும் உடையாது.

சிம்ஃபனியில் முன்பெல்லாம் ஒவ்வொரு சர்வீஸுக்கும் நாமே யோசித்துப் பெயர் வைப்போம். 2017இல் வந்த 3.3 பதிப்புக்குப் பிறகு கிளாஸின் பெயரே சர்வீஸின் பெயராக இருப்பது வழக்கமாகிவிட்டது. டைப்பைப் பார்த்து ஃபிரேம்வொர்க்கே இணைத்துவிடும். ஒரே வேலைக்கு இரண்டு பேர் இருந்தால்தான் சிக்கல். ஸ்பிரிங்கில் அப்போது ஒருவரை முதன்மையானவர் என்று குறிக்க வேண்டும், இல்லையென்றால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

எங்கள் ஆபீஸில் பதினொரு மணிக்கு டீ வரும். இரண்டு வருடமாக ஒரே அக்கா கொண்டுவந்தார். ஒருநாள் வேறொருவர் வந்தார். டீ அதே டீ. "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டுத் திரைக்குத் திரும்பினேன். மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. அட்மினில் போய்க் கேட்டேன்.

"டீ கொண்டுவருவாங்களே, அவங்க எங்க?"

"இப்பதானே கொடுத்துட்டுப் போனாங்க?"

அதற்கு மேல் கேட்க என்னிடம் ஒரு பெயர் இல்லை.

எல்லோருடைய பெயரையும் தெரிந்துவைத்திருக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். மாற்றாள் இருப்பதிலும் ஒரு கருணை உண்டு. மாற்றாள் இருந்தால்தான் காய்ச்சலுக்கு லீவு எடுக்க முடியும். வேறு ஆளே இல்லாத வேலையில் லீவு கிடையாது, நம் அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் கோடில் நீக்கப்பட்ட ஆப்ஜெக்டுக்குப் பசிக்காது. அதற்கு வாடகை கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. அங்கே கிளாஸ்கள் ஒன்றையொன்று அறியாமல் நிம்மதியாக இருப்பதற்குக் காரணம், எங்கோ ஓரிடத்தில் எல்லோரைப் பற்றியும் எழுதிவைக்கப்பட்டிருப்பதுதான். யார் யாருக்கு என்ன தருகிறார்கள் என்று அந்த இடத்துக்குத் தெரியும். ஒருவருக்குமே தெரியவில்லை என்றால் அப்ளிகேஷன் எழும்பாது.

நம் ஆபீஸ்களில் அந்த இடம் எது? கான்ட்ராக்டரின் வருகைப் பதிவேடு. அந்த அக்காவின் பெயர் அதில் நிச்சயம் இருந்திருக்கும், வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்க.

நான் தெரிந்துகொள்ளாமல் இருந்ததை இத்தனை நாள் நாகரிகம் என்றே நினைத்திருந்தேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்குப் புது அக்கா வந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு, "உங்க பேரு என்னக்கா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது.

"எதுக்குத் தம்பி? ஏதாவது கம்ப்ளெயின்டா?"