செல்லாக் காசும் போலி பிரேக்கும்

மோட்டார் உதிரி பாகங்கள் விற்கும் கடையொன்றில் சிறிது நேரம் அமர்ந்திருக்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. கடைக்காரர் நம் சமுதாயத்தவர், ஐவேளைத் தொழுகையாளி, கணக்கில் ஒரு காசு பிசகாதவர் என்று ஊரில் பெயர் வாங்கியவர். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனின் ஓட்டுநர் ஒருவர் வந்து, முன்சக்கரத்துக்கு பிரேக் பேட் வேண்டும் என்றார்.

"கம்பெனி சரக்கா, டூப்ளிகேட்டா?"

"டூப்ளிகேட்டே போதும் பாய்."

பெயர் பெற்றதொரு நிறுவனத்தின் முத்திரையைத் தாங்கிய, ஆனால் அந்நிறுவனத்தின் வாசலையே கண்டிராத ஒரு பெட்டி கைமாறியது. ஓட்டுநர் சென்ற பின், நம் முகத்தில் எதைக் கண்டாரோ, கடைக்காரர் தாமாகவே பேசினார். "நான் எதையும் மறைக்கவில்லை. சொல்லித்தான் கொடுக்கிறேன். வாங்குகிறவருக்கும் தெரியும். இதில் ஹராம் எங்கே இருக்கிறது?"

மறுமொழி உடனே நமக்குத் தோன்றவில்லை. கேள்வியைச் சுமந்துகொண்டே வீடு திரும்பினோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். மலிவான பொருள் வேறு, போலிப் பொருள் வேறு. சிறியதொரு ஆலை தன் சொந்தப் பெயரில் வடிகட்டியோ விளக்கோ செய்து குறைந்த விலைக்கு விற்குமானால் அதில் குற்றமில்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்துக் கதவு, கண்ணாடி, கியர்பெட்டி என்று அடுக்கி வைத்து, பழையதைப் பழையது என்றே சொல்லி விற்கும் வணிகமும் நேரானதே. எத்தனையோ ஏழை ஓட்டுநர்களின் வண்டிகளை அந்த வணிகம்தான் ஓட வைத்திருக்கிறது. கம்பெனி சரக்கின் விலை சில வேளைகளில் நியாயத்தின் எல்லையைத் தாண்டி நிற்கிறது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் பிறர் பெயரை ஒட்டிக்கொண்டு வரும் பொருளின் கதை வேறு. அதைச் செய்தவன் யாரென்று எவருக்கும் தெரியாது. நாளை அது முறிந்தால் பதில் சொல்ல ஆளில்லை. முகவரியை மறைப்பதற்காகவே அது பொய்ப் பெயர் பூண்டு வருகிறது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவிய பெருமானார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸ் இது. தானியம் நனைந்தது அங்கே குற்றமாகவில்லை. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றமாயிற்று.

நம் கடைக்காரர் இந்த ஹதீஸைத்தான் தமக்குக் கேடயமாகக் கொண்டிருக்கிறார் போலும். ஈரத்தை அவர் மேலேயே வைத்துவிட்டார். டூப்ளிகேட் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அப்படியானால் அவர் தப்பிவிட்டாரா?

இந்த இடத்தில் நமக்குக் கைகொடுத்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 505-ல், அதாவது கி.பி. 1111-ல் மறைந்த அந்தப் பேரறிஞர், இஹ்யா உலூமித்தீனில் பொருளீட்டும் ஒழுங்குகளைப் பேசும் பகுதியில் போலித் திர்ஹம் குறித்து விரிவாக எழுதியிருக்கிறார். தனி ஒருவருக்கு இழைக்கும் தீங்காக அதை அவர் வைக்கவில்லை. பதுக்கல் வாணிபத்தை அடுத்து, பொதுமக்கள் அனைவருக்கும் கேடு செய்யும் செயலாக வைக்கிறார். ஒரு போலித் திர்ஹத்தைப் புழக்கத்தில் விடுவது நூறு திர்ஹம் திருடுவதினும் கொடியது என்ற கூற்றை அவர் எடுத்தாள்கிறார். காரணம் சிந்திக்கத் தக்கது. திருட்டு ஒரு தடவையோடு முடிந்துவிடுகிறது. போலிக் காசோ கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. விட்டவன் மண்ணறைக்குப் போன பின்பும் அந்தக் காசு அழியும் வரை பாவம் அவன் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது.

அதைவிட நம்மை நிறுத்தியது மற்றொரு குறிப்பு. போலி என்று தெரிந்தே ஒருவர் வாங்கிக்கொண்டாலும் கொடுத்தவர் குற்றத்திலிருந்து நீங்குவதில்லை என்கிறார் இமாம். தெரிந்து வாங்குபவர் வேறொருவர் தலையில் கட்டத்தானே அதை வாங்குகிறார்!

கடைக்காரரின் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது என்று நமக்குப் பட்டது. ஓட்டுநர் அறிந்து வாங்கினார்; உண்மை. அந்த வேனில் ஏறும் பிள்ளைகள் அறிந்தா ஏறினார்கள்? அவர்களை அனுப்பி வைத்த தாய்மாரிடம் யாரேனும் "கம்பெனியா, டூப்ளிகேட்டா?" என்று கேட்டார்களா? இருவர் மனமொப்பிச் செய்த வியாபாரம் என்று நாம் கருதுவதில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். விலை பேசும்போது அவர் கடையில் இல்லை.

பிரேக்கின் இயல்பைச் சிறிது எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஓடும் வண்டியின் வேகத்தை உராய்வினால் வெப்பமாக மாற்றித்தான் பிரேக் அதை நிறுத்துகிறது. கடுமையாக மிதிக்கும்போது பேட்டின் முகப்பில் பல நூறு பாகை வெப்பம் ஏறும். உராய்வுப் பொருளை இறுக்கிப் பிடித்திருக்கும் பிசின் தரமற்றதாயின், அந்தச் சூட்டில் சிதைந்து வாயுவைக் கக்கும். எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் சரியாகப் பிடிபடாது. ஊருக்குள் மெதுவாக ஓடும்போது நல்லதும் போலியும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் வேற்றுமை புலப்படும். எண்ணெய் வடிகட்டியோ இன்னும் வஞ்சகமானது. உள்ளே இருக்கும் தாள் மட்டமானதென்றால் எஞ்சின் ஓசையின்றித் தேயும். பல்லாயிரம் கிலோமீட்டருக்குப் பின் செலவு வரும்போது அந்தப் பெட்டியை எவர் நினைக்கப் போகிறார்?

1989 செப்டம்பர் 8 அன்று நார்வேயின் ஆஸ்லோவிலிருந்து ஜெர்மனியின் ஹாம்பர்க்கை நோக்கிப் பறந்த பார்ட்நேர் விமானம் டென்மார்க் கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். வால் துடுப்பைப் பிணைத்திருந்த போல்ட்டுகளில் உரிய வலுவில்லாத போலிகள் இருந்ததை விசாரணை கண்டறிந்தது. மோட்டார் வண்டிக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் 2012-ல் அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு போலிக் காற்றுப் பைகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. சோதனையில் சில விரியவே இல்லை. சில உலோகத் துண்டுகளைச் சிதறடித்தன.

சட்டம் இல்லாமல் இல்லை. நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம் பொய் முத்திரைப் பொருளை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆயினும் சோதனைக்கு அதிகாரி வரும் நாள் எத்தனை, வராத நாள் எத்தனை! வராத நாள்களைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நிற்க. சில வாரங்களுக்குப் பின் அதே கடைக்குச் சென்று இவற்றையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அந்தப் போலித் திர்ஹம் கைக்கு வந்துவிட்டால் என்ன செய்வதாம்?" என்றார். எவர் கையும் எட்டாதபடி கிணற்றில் எறிந்துவிட வேண்டும் என்று இமாம் எழுதியிருப்பதைக் கூறினோம்.

அவர் எழுந்து போய் உள்ளிருந்து இருபது பெட்டிகளைக் கொண்டுவந்து மேசைமீது அடுக்கினார். கம்பெனி சரக்கு என்று நம்பி, கம்பெனி விலை கொடுத்து மொத்த வியாபாரியிடம் வாங்கியவை. பெட்டிகள் அசல், ஒர்க்‌ஷாப்புகளில் கழித்த காலிப் பெட்டிகளைக் காசு கொடுத்துச் சேகரித்து, போலியை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். மெக்கானிக் ஒருவர் கண்டு சொன்ன பின்னரே இவருக்குத் தெரிந்தது.

"திருப்பி அனுப்பினால் பணம் வந்துவிடும்" என்றார். குறை கண்ட சரக்கைத் திருப்பும் உரிமையை ஷரீஅத்தே தந்திருக்கிறது. அதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். "ஆனால் அந்த ஆள் இதை அழிக்கப் போவதில்லை. வேறு ஊர்க் கடைக்கு அனுப்புவார். உடைத்துப் போட்டாலோ எனக்கு ஒரு மாத இலாபம் போய்விடும்."

அனுப்பலாம் என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. உடைத்துவிடுங்கள் என்று நம் கைப்பணம் போகாத இடத்திலிருந்து சொல்வதும் எளிதாக இல்லை. ஆயினும் சொன்னோம். அவர் ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளிருந்ததைக் கையில் எடை பார்ப்பதுபோல் சற்று நேரம் வைத்திருந்தார்.

டூப்ளிகேட் சரக்கு கொள்முதல் செய்வதை அவர் நிறுத்திவிட்டார். அந்த இருபது பெட்டிகள் இன்னும் பரணில்தான் இருக்கின்றன.